தொங்கி நின்ற டெர்மினல்

ஏற்காடு எஸ்டேட் ஆபீஸில் இன்று காலை டிஸ்க்கில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று காட்டும் டிஎஃப் கட்டளையைத் தட்டினேன், டெர்மினல் (கட்டளை தட்டும் திரை) அப்படியே நின்றுவிட்டது. அந்தக் கம்ப்யூட்டரின் சொந்த டிஸ்க் அளவைக்கூடக் காட்டவில்லை, தலைப்பு வரியே வரவில்லை.

மழையில் சேலம் சர்வருக்குப் போகும் லைன் கட். அந்த சர்வரின் ஃபோல்டரை என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழியே ஃபோல்டரைப் பகிரும் முறை) மூலம் இந்தக் கம்ப்யூட்டரோடு இணைத்திருக்கிறோம், அதாவது மவுண்ட் செய்திருக்கிறோம்; டிஎஃப் அதன் அளவையும் கேட்கும். அது ஹார்டு மவுண்ட், அதனால் சர்வரிடமிருந்து பதில் வரும்வரை கேட்டுக்கொண்டே இருக்கும்.

ஹார்டுக்குப் பதில் சாஃப்ட் போட்டால், கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுப் பிழை என்று சொல்லிவிடும், தொங்காது, சரி. ஆனால் எழுதும் கோப்பு பாதியில் கெடலாம், பல புரோகிராம்கள் அந்தப் பிழையைக் கவனிப்பதே இல்லை. காப்பிக் கணக்கு எழுதுகிற இடத்தில் அதை நான் போடவே மாட்டேன்.

ஆட்டோஎஃப்எஸ் என்ற புரோகிராம்தான் எனக்குப் பிடித்த வழி. ஃபோல்டரைத் தொட்டால் மவுண்ட் ஆகும், சும்மா கிடந்தால் தானே கழன்றுகொள்ளும். ஆனால் யாராவது ஒரு கோப்பைத் திறந்தே வைத்திருந்தால் கழலாது, லைன் போனால் மறுபடி இதே கதை.

அப்புறம், கழலும் நேரத்தை ரொம்பக் குறைத்தால் ஒவ்வொரு முறையும் மவுண்ட் ஆக மலைமேல் காத்திருக்க வேண்டும்.