பெல்கிரேடில் ஒரு பிரதமரைத் தேடி

பெல்கிரேடு போகிறவர்கள் கலெமெக்தான் கோட்டையையும் புனித சாவா தேவாலயத்தையும் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். நான் போனதே நோவோ குரோப்ளே கல்லறைத் தோட்டத்துக்காகத்தான். டிராம் ஓடும் ரூஸ்வெல்ட் தெருவில் இருக்கிறது. வாசலில் பூவும் ஒல்லியான மஞ்சள் மெழுகுவர்த்திகளும் விற்கிறார்கள். ஒன்று வாங்கிக்கொண்டு, இரண்டாம் உலகப் போர்க்கால யூகோஸ்லாவியாவின் பிரதமர் ஸ்லொபோதான் யொவானோவிச்சின் கல்லறையைத் தேடிப் போனேன்.

1869-ல் நோவி சாத்தில் பிறந்தவர். இளம் வயதில் கான்ஸ்டான்டிநோபிளில் செர்பியத் தூதரகப் பணி. 1897 முதல் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக பெல்கிரேடில் சட்டப் பேராசிரியர். 1919 பாரிஸ் சமாதான மாநாட்டில் தம் நாட்டுக் குழுவின் சட்ட நிபுணர். கட்சி அரசியல் பக்கம் தலைவைத்துப் படுக்காத மனிதர்.

ஜெர்மனியோடு கைகோத்த அரசை ராணுவ அதிகாரிகள் வீழ்த்திய 1941 மார்ச் 27 ஆட்சிக் கவிழ்ப்புதான் அவரைத் துணைப் பிரதமராக்கியது. பத்தே நாளில் ஜெர்மன் விமானங்கள் பெல்கிரேடில் குண்டு மழை பொழிந்தன. தேசிய நூலகம் எரிந்து சாம்பலானது. 17 வயது மன்னர் இரண்டாம் பீட்டரோடு அரசாங்கமே வெளியேறியது. 1942 ஜனவரியில், 72 வயதில், லண்டனில் இருந்த அந்த நாடு கடந்த அரசுக்கு யொவானோவிச் பிரதமரானார்.

எதை வைத்து ஆள்வது? நாட்டுக்குள் போரிட்ட, மன்னர் ஆதரவுக் கெரில்லாப் படையின் தலைவர் ட்ராஜா மிகைலோவிச்சைப் போர் அமைச்சராக்கினார். அங்கே நடப்பதைக் கட்டுப்படுத்த வழியில்லை. எல்லாவற்றுக்கும் பிரிட்டனின் தயவு வேண்டும். உஸ்தாஷாக்கள் என்ற குரோஷிய பாசிசவாதிகள் செர்பியர்களைக் கொன்று குவித்த செய்தி வந்தபின், அமைச்சரவையில் செர்பியரும் குரோஷியரும் ஒரே மேசையில் உட்கார்வதே பெரும்பாடு. 1943 ஜூனில் பதவி விலகினார். அந்த நிலையில் வேறு யாராலும் இதைவிடப் பெரிதாகச் செய்திருக்க முடியாது என்பதுதான் என் எண்ணம்.

1946-ல் டிட்டோவின் கம்யூனிஸ்ட் அரசு, எதிரியோடு ஒத்துழைத்ததாக மிகைலோவிச் மீது தொடுத்த வழக்கில் இவரையும் சேர்த்து, ஆள் இல்லாமலேயே 20 ஆண்டுத் தண்டனை விதித்தது. குடியுரிமையும் சொத்தும் பறிபோயின. 1958-ல் லண்டனிலேயே கண்மூடினார். தீர்ப்பு ரத்தானது 2007-ல்தான். ஆனால் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே 5000 தினார் நோட்டில் அவர் படத்தை அச்சிட்டுவிட்டார்கள்! சட்டப்படி குற்றவாளியாக இருந்தவரின் முகம் ஊரெல்லாம் கைமாறியது. 2011 டிசம்பரில் அவரது எலும்புகள் இங்கே வந்தன.

தெருவைக் கடந்தால் 1944-ல் நகரை விடுவிக்கப் போரிட்டு மடிந்த பார்ட்டிசான் (டிட்டோவின் கெரில்லாப் படை), சோவியத் செஞ்சேனை வீரர்களின் கல்லறைகள். அங்கேயும் கட்டாயம் போய் வாருங்கள். இரண்டுக்கும் சேர்த்து அரை நாள் ஒதுக்கினால் போதும்.