டஸ்டரை ஏன் விற்கவில்லை?

பிப்ரவரி 2
அமெரிக்க எழுத்தாளர் எஸ்.ஏ. காஸ்பியின் 'பிளாக்டாப் வேஸ்ட்லேண்ட்' முடித்தபோது இரவு 2 மணி. 2020இல் வந்த நாவல். போரகார்ட் மாண்டேஜ் வர்ஜீனியா கிராமப்புறத்தில் மெக்கானிக் ஷெட் நடத்துகிறான். முன்பு கொள்ளைக் கும்பல்களுக்குக் கார் ஓட்டியவன். ஷெட் செலவு, முதியோர் இல்லத்தில் அம்மா, மகளின் கல்லூரி எல்லாம் சேர்ந்து நெருக்க, கடைசியாக ஒரே ஒரு நகைக்கடை என்று கிளம்புகிறான். அந்தக் கடைக்குப் பின்னால் இருப்பவன் பெரிய ரவுடி. தூக்கமே வரவில்லை.

பிப்ரவரி 8
வர்ஜீனியாவின் ரிச்மண்டில் எங்கள் வாசிப்புக் குழு கூடியது. உவமைகள் அதிகம் என்று பாதிப் பேர் குறைப்பட்டார்கள். எனக்கும் சில பக்கங்களில் திகட்டியது. ஆனால் ஓய்வுபெற்ற மெக்கானிக் ஒருவர், "இன்ஜின் சத்தத்தை இப்படி எழுத, கையில் கிரீஸ் பட்டிருக்க வேண்டும்" என்றார். முதல் அத்தியாயத்தில் போலி போலீஸ் வந்து கார் பந்தயப் பணத்தைப் பிடுங்கும் இடத்தைச் சத்தமாக வாசித்தும் காட்டினார். அறையே அமைதியாகிவிட்டது.

போரகார்டின் மனைவி கியாவுக்குத் தடுப்பதைத் தவிர வேறு வேலை இல்லை என்று ஒரு பெண் சொன்னார். உண்மைதான். அவள் தனியாக இருக்கும் ஒரு அத்தியாயமாவது வேண்டும்.

பிப்ரவரி 9
வீடு திரும்பும்போது குழுவில் இருக்கும் தோழியோடு தொடங்கிய சண்டை இன்று போனிலும் நீண்டது. "அவனுக்கு வேற வழியே இல்லக்கா. கறுப்பின ஆள், ஜெயிலுக்குப் போய் வந்தவன், எந்த பேங்க் கடன் கொடுக்கும்?" என்றாள் தோழி. சரி, அந்தக் கஷ்டம் பொய்யில்லை. அப்படியானால் அப்பா விட்டுப்போன பிளிமத் டஸ்டர் காரை ஏன் விற்கவில்லை என்று கேட்டேன். "அப்பா காரை யாராவது விப்பாங்களா?" என்று கோபித்துக்கொண்டாள்.

என்னைப் பொறுத்தவரை நாவலே அங்கேதான் இருக்கிறது. பணத்துக்காக ஓட்டுகிறேன் என்று அவன் நினைக்கிறான். ஸ்டியரிங்கைப் பிடித்ததும் அவன் முகம் மாறுவதைக் காஸ்பி நமக்குக் காட்டிவிடுகிறார். தன்னை விட்டு ஓடிய தகப்பனை அவன் அந்தக் காரில்தான் தேடுகிறான். அந்தத் தேடலுக்கான விலையை அவன் பிள்ளைகள் கொடுக்கிறார்கள். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

பிப்ரவரி 15
காஸ்பியின் ஊர்ப்பக்கமான மேத்யூஸ் கவுண்ட்டி வரை போய்வந்தோம். பைன் மரங்கள், தட்டையான நிலம், ஊருக்குள் ஒரு சிக்னல்கூடக் கண்ணில் படவில்லை. நேரான ரோடு வந்ததும் தோழி ஆக்சிலேட்டரை அழுத்தினாள். நான் எதுவும் சொல்லவில்லை. கொஞ்ச தூரம் போனதும் அவளே வேகத்தைக் குறைத்து, "அந்தப் புத்தகத்தை இன்னொரு தடவை கொடுங்கக்கா" என்றாள்.