வயிற்றுப்போக்கு நாளில் பிரஷர் மாத்திரை

வாந்தியும் பேதியுமாக இரண்டு நாள் கிடந்தவருக்குக் கிரியேட்டினின் (சிறுநீரகம் சரியாக வடிகட்டாதபோது ரத்தத்தில் ஏறும் கழிவு) 1-லிருந்து 2.5-க்கு ஏறியிருக்கிறதா? அவர் விழுங்கும் மாத்திரை அட்டைகளை வாங்கிப் பாருங்கள். டெல்மிசார்டன், லோசார்டன், ராமிப்ரில், எனலாப்ரில் ஆகிய பிரஷர் மாத்திரைகளில் ஒன்று பெரும்பாலும் இருக்கும்.

இவை சிறுநீரகத்துக்கு விஷம் என்ற பேச்சு தவறு. சர்க்கரை நோயாளிக்குச் சிறுநீரில் புரதம் ஒழுகுவதைக் குறைப்பவை இவைதான். சிக்கல், உடம்பில் நீர் வற்றிய அந்த நாட்களில். சிறுநீரகத்தின் ஒவ்வொரு வடிகட்டிக்கும் ரத்தம் உள்ளே வரும் நுண்குழாய் ஒன்று, வெளியேறும் நுண்குழாய் ஒன்று. ரத்த ஓட்டம் குறையும்போது ஆஞ்சியோடென்சின் என்ற ஹார்மோன் வெளிக்குழாயை இறுக்கி, வடிகட்டத் தேவையான அழுத்தத்தைத் தக்கவைக்கிறது. மாத்திரை அந்தப் பிடியைத் தளர்த்திவிடும். உடம்பு வலிக்கிறதென்று டைக்ளோஃபெனாக்கோ அசிக்ளோஃபெனாக்கோ போட்டால் உள்ளே வரும் குழாயும் சுருங்கும். சிறுநீரைக் கூட்டி வெளியேற்றும் நீர்மாத்திரையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

டெல்மிசார்டன் 40, நீர்மாத்திரையான ஹைட்ரோகுளோரோதயசைடு 12.5 என இரண்டும் ஒரே மாத்திரையில் வருவதால், “ஒரு பிரஷர் மாத்திரைதான் சாப்பிடுகிறேன்” என்பார்கள். அட்டையில் பெயருக்குப் பின்னால் ‘எச்’ என்று இருந்தால் மருந்துக்கலவையைப் படித்துவிடுவது நல்லது.

அந்த நாட்களில் இவற்றைத் தற்காலிகமாக நிறுத்திவைப்பார்கள். அதற்காக எல்லா பிரஷர் மாத்திரைகளையும் ஒரேயடியாக நிறுத்துவதும் ஆபத்து. அம்லோடிபின் வடிகட்டலை நேராகக் கெடுப்பதில்லை; மேல் அழுத்தம் 100-க்குக் கீழே போனால் மட்டும் அதையும் தள்ளிவைப்பார்கள். குளோனிடினைத் திடீரென விட்டால் பிரஷர் எகிறும். அட்டெனோலால் வேறு ரகம்: சிறுநீரில் வெளியேற வேண்டிய மருந்து, சிறுநீரகம் படுத்தால் ரத்தத்தில் தேங்கி நாடித்துடிப்பைக் குறைக்கும். கூடவே பொட்டாசியமும் ஏறினால் துடிப்பு 40-க்கும் கீழே போகலாம். அதனால் சிறுநீரகத்துக்கு ரத்தம் இன்னும் குறையும். கல்லீரலில் சிதையும் மெட்டோப்ரோலாலில் இந்தத் தேக்கம் இல்லை. இதயநோய்க்காக எடுப்பவர் மருத்துவரைக் கேட்காமல் எதையும் விடக்கூடாது.

பொட்டாசியத்தை உடம்பிலேயே தக்கவைக்கும் நீர்மாத்திரையான ஸ்பைரோனோலாக்டோன் எடுப்பவருக்குப் பேதி என்றதும் இளநீரை வரிசையாகக் கொடுக்க வேண்டாம். அதில் பொட்டாசியம் அதிகம். ரத்தத்தில் பொட்டாசியம் 6-ஐத் தாண்டினால் உடனே இசிஜி எடுக்க வேண்டும்.

சாதாரணப் பேதியோடு போயிற்றென்றால், வழக்கம்போல் உண்டு குடித்து 24 முதல் 48 மணி நேரம் ஆனதும் நிறுத்திய மாத்திரையைத் திரும்பத் தொடங்கலாம். கிரியேட்டினின் ஏறியிருந்தால் கதை வேறு. அது இறங்கி ஓரிடத்தில் நின்று, பொட்டாசியமும் 5-க்குள் வந்தபின், குறைந்த அளவில் ஒவ்வொன்றாக ஆரம்பித்து, 1-2 வாரத்தில் மறுபடி ரத்தப் பரிசோதனை. கிரியேட்டினின் 30 சதவீதம் வரை கூடுவது பொறுத்துக்கொள்ளக்கூடியது. அதற்கு மேல் போனால் சிறுநீரகத் தமனியில் அடைப்பு உண்டா என்று தேட வேண்டும்.

நடைமுறையில் அதிகம் கோட்டை விடுவது டிஸ்சார்ஜ் சீட்டில். நிறுத்தச் சொன்னது மட்டும் இருக்கும். யார், எந்தத் தேதியில் திரும்பத் தொடங்குவது என்பது இருக்காது. வீட்டுக்குக் கிளம்பும் முன் அதைக் கேட்டு எழுதி வாங்குங்கள்.