வளையமும் சுண்டுவிரலும்

மே 4, 2025, ஞாயிறு

இன்று கத்திரி தொடக்கம். கை கழுவிவிடும்போதுதான் அம்மா பார்த்தார்: இடது உள்ளங்கையில், சுண்டுவிரலுக்குக் கீழே பெரிய கொப்புளம். நேற்று கோட்டூர்புரத்தில் ஒரு சாய்தளத்தில் இறங்கும்போது வீல்சேர் சக்கரத்தின் வெளிப்பக்கம் கையால் தள்ளுவதற்காக இருக்கும் உலோக வளையத்தை அழுத்தித்தான் வேகத்தைக் குறைத்தேன். வெயிலில் காய்ந்த உலோகம், போதாததற்கு உராய்வு. எனக்கு எதுவும் தெரியவில்லை. என்னைப் போல, கழுத்தில் சி6 (ஆறாவது கழுத்து நரம்பு) மட்டத்தில் தண்டுவடம் அடிபட்டால் கட்டைவிரல் பக்கம் உணர்ச்சி தங்கும், சுண்டுவிரல் பக்கம் போய்விடும்.

மே 9, வெள்ளி

பொறியியல் மாணவர்கள் மூன்று பேர் வந்தார்கள். விரல் மடங்காதவர்களுக்காக வளையத்தைச் சுற்றிக் குமிழ்கள் பொருத்தியிருந்தார்கள். தள்ளுவது உண்மையிலேயே சுலபமாக இருந்தது. ஆனால் 25 அங்குல அகல நாற்காலி 29 ஆகிவிட்டது. எங்கள் குளியலறைக் கதவு 26. முட்டிக்கொண்டு நின்றேன். "இதை நாங்க யோசிக்கவே இல்லண்ணா" என்றாள் ஒரு பெண், முகம் வாடிவிட்டது. அவர்கள் ஓட்டிப் பார்த்தது கல்லூரி டைல்ஸ் தரையில். நல்ல பிள்ளைகள். படம் வரையத் தொடங்கிய அன்றே எங்களில் ஒருவரைக் கூப்பிட்டிருக்கலாம்.

மே 14, புதன்

வளையத்தில் பழைய சைக்கிள் டியூப் சுற்றுவது எங்களுக்குள் தெரிந்த வழிதான். தள்ளும்போது நன்றாகப் பிடிக்கும். இறங்கும்போது அதே பிடிப்புதான் தோலை உரிக்கிறது. தள்ளப் பிடிப்பு வேண்டும், நிறுத்த வழுக்க வேண்டும். இரண்டு நாளாக இதே யோசனை.

சரி, வெளிப்பக்கம் மட்டும் ரப்பர், மேல்பக்கம் வெறும் உலோகம் என்று முடிவு செய்தேன். தள்ளுவது உள்ளங்கையால், வெளிப்பக்கத்தில். நிறுத்துவது கட்டைவிரலின் அடிமேட்டால், மேல்பக்கத்தில். அங்கே சுட்டால் எனக்குத் தெரியும்! பஞ்சர் கடை அண்ணன் டியூபை நீளவாக்கில் கீறி, சொல்யூஷன் தடவி, ஒரு மணி நேரம் பொறுமையாக ஒட்டினார். "ஓரம் தூக்கினா உடனே வாப்பா" என்றார்.

மே 18, ஞாயிறு

காலையில் மெரினா. 2022-இல் விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே போட்ட மரப்பாதையில் கடல் பக்கம் வரை நானே தள்ளிக்கொண்டு போனேன். ஈரக் காற்றிலும் கை வழுக்கவில்லை. அப்புறம் அதே கோட்டூர்புரம் சாய்தளம். ஓர் அடி உயரத்துக்கு 12 அடி நீளம் இருக்க வேண்டும், அங்கே அதில் பாதிகூட இல்லை. நடுவிலேயே கட்டைவிரல் சுட்டது. நாற்காலியைப் பக்கவாட்டில் திருப்பி, கையை எடுத்து ஆறவிட்டு, மறுபடி இறங்கினேன். தோல் அப்படியே இருக்கிறது.

கறுப்பு ரப்பர் வெயிலில் கொதிக்கிறது, வெளிர் நிறத்தில் தேட வேண்டும். தண்டுவடம் அடிபட்டதால் எனக்கு வியர்க்காது, உடம்பு சூடேறிவிடும் என்பதால் அம்மா தோளில் ஈரத்துண்டு போட்டிருந்தார். அதை எடுத்துச் சக்கரத்தின் மேல் போட்டேன். அம்மா இன்னொரு துண்டை நனைத்துக்கொண்டு வந்தார்.