பாவாடை நாடாவுக்குக் கீழே ஒரு கறுப்புப் பொருக்கு

போன மார்கழியில் அம்மாவுக்குக் காய்ச்சல். முதல் நாள் மிளகு ரசம், மறுநாள் பாராசிட்டமால். மாத்திரை போட்டால் இறங்கும், நாலு மணி நேரத்தில் மறுபடி ஏறும். தலைவலி தாங்காமல் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு படுத்திருந்தார். எங்கள் வேலூர் பக்கம் மழைக்காலத்துக் காய்ச்சல் என்றாலே டெங்கு என்றுதான் நினைப்பார்கள். ரத்தப் பரிசோதனையில் பிளேட்லெட் (ரத்தத் தட்டணு) குறைந்து 80,000 என்று வந்ததும் நானும் அப்படியே நம்பிவிட்டேன். டெங்கு பரிசோதனையோ இல்லை என்றது.

ஆறாம் நாள் மூச்சு வாங்க ஆரம்பித்ததும் பெரிய மருத்துவமனைக்கு ஓடினோம். டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, "புல் அறுக்கப் போவீங்களா?" அம்மா தினமும் ஏரிக்கரையில் புல் அறுப்பவர். உடனே திரையை இழுத்துவிட்டு அக்குள், மார்புக்குக் கீழே, காதுக்குப் பின்னால் என்று ஒவ்வொரு இடமாகப் பார்த்தார். இடுப்பில், நாடா அழுந்துகிற இடத்தில் இருந்தது அது. மிளகைவிடக் கொஞ்சம் பெரிது. நடுவில் கறுத்துக் காய்ந்த பொருக்கு, சுற்றிலும் சிவப்பு. பீடி நெருப்பால் சுட்ட மாதிரி. வலியில்லை, அரிப்பில்லை. தொடை இடுக்கில் நெறியும் கட்டியிருந்தது.

"நாடா உரசின புண்ணுன்னு நெனச்சேன்டி" என்றார் அம்மா. ஐந்து நாளும் நான்தான் உடம்பு துடைத்துவிட்டேன். நாடாவை அவிழ்த்துப் பார்க்கத் தோன்றவில்லையே என்று இன்னும் மனசு அடித்துக்கொள்கிறது.

உண்ணிக் காய்ச்சல், டாக்டர்கள் ஸ்க்ரப் டைபஸ் என்கிறார்கள். பெயரைக் கேட்டதும் அப்பா மாட்டுக்கு மருந்து அடிக்கக் கிளம்பிவிட்டார். ஆனால் மாட்டின் மேல் ஒட்டியிருக்கும் உண்ணி இல்லை இது. புல்லிலும் புதரிலும் இருக்கும் சிற்றுண்ணியின் குஞ்சு; கண்ணுக்கே சரியாகத் தெரியாது. கடித்ததும் தெரியாது. காய்ச்சல் பெரும்பாலும் பத்து நாள் போல கழித்துத்தான் வருகிறது, அதற்குள் எந்தப் புதரில் உட்கார்ந்தோம் என்பதே மறந்துவிடும்.

டாக்சிசைக்ளின் என்கிற ஆன்டிபயாடிக் மருந்து கொடுத்தார்கள். இரண்டாம் நாள் காய்ச்சல் விட்டது. மூச்சு சரியாக இன்னும் நாலைந்து நாள் பிடித்தது. முன்னாடியே வந்திருந்தால் மாத்திரையோடு போயிருக்கும் என்றார் டாக்டரம்மா.

இப்போது அம்மா அப்பாவின் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு புல்லுக்குப் போகிறார், வந்ததும் குளித்துவிடுகிறார். போன வாரம் பக்கத்து வீட்டு அக்காவுக்கு நாலு நாளாகக் காய்ச்சல். கதவைச் சாத்திவிட்டு உடம்பு முழுக்கப் பார்த்தேன், பொருக்கு எதுவும் இல்லை. அது எல்லோருக்கும் வருவதில்லையாம். அதனால், "களை எடுக்கப் போனதை டாக்டர் கேக்கலைன்னாலும் நீங்களே சொல்லிடுங்கக்கா" என்று சொல்லி ஆட்டோ ஏற்றிவிட்டேன்.