மாமான்ர குளிசைக்கு மூண்டு நாள் அலைஞ்ச கதை

லண்டன் மாமா நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தவர். கட்டுநாயக்காவில வந்து இறங்கினது அவர் மட்டும்தான், பெட்டி வரேல்லை. உடுப்புப் பிரச்சினை இல்லை, எங்கட இவற்ர சாரமும் சேட்டும் அவருக்கு அளவு. ஆனா மனுசன் மூண்டு மாசக் குளிசையையும் அந்தப் பெட்டிக்குள்ள தான் வச்சிருக்கிறார், கையில கொண்டு வந்த பையில கச்சான் அல்வா வாங்கிற காசும் ஒரு ஸ்வெற்றரும் தான்.

பிரஷர் குளிசை, சலரோகக் குளிசை ரெண்டும் அலுப்பில்லாமல் கிடைச்சுது, சந்திப் பாமசியில போனில இருந்த படத்தைக் காட்ட எடுத்துத் தந்தினம் (சட்டப்படி அதுக்கும் டொக்டர் எழுதின துண்டு வேணும்தான், அதை விடுவம்). மாட்டினது பிரிகபலின். மாமாவுக்கு சலரோகத்தால கால் நரம்பு எரிவு, காலமை 150 மில்லிகிராம், இரவு 150, நாலைஞ்சு வருசமா எடுக்கிறார்.

சனிக்கிழமை காலமை ரவுனில ஒரு பாமசிக்குப் போனம். பிரிகபலின் எண்டு வாய் திறந்த உடன அந்தப் பெடியன்ர முகமே மாறிப்போச்சு. 150 எண்டதும் எங்களை மேலையும் கீழையும் பாத்தான். பிழை சொல்லேலாது, இஞ்ச பேப்பரைத் திறந்தா பிரிகபலினோட ஆளைப் பிடிச்சது எண்ட செய்தி தானே, பெடியள் போதைக்குப் பாவிக்கிறாங்கள். உள்ள இருந்து பாமசிஸ்ட் வந்து லண்டன் துண்டின்ர படத்தைப் பெருப்பிச்சுப் பாத்திட்டு, "ஐயா, இந்த டொக்டர் இலங்கை மருத்துவ சபையில பதிஞ்ச ஆள் இல்லை, உந்தத் துண்டுக்கு நான் தரேலாது" எண்டார். மாமா விடுவாரே! "எங்கட லண்டனிலையெண்டா துண்டு இல்லாட்டியும் பாமசிஸ்ட் அவசரத்துக்கு எண்டு தருவான், என்ர மகளே பாமசிஸ்ட்" எண்டு தொடங்கிற்றார். அந்த மனுசன் சுவரில பிரேம் போட்டுத் தொங்கின லைசென்ஸைக் காட்டி, "உதைப் பிடுங்கிப் போட்டாங்களெண்டா நான் தான் ஐயா வீட்டில இருக்கோணும்" எண்டு மட்டும் சொன்னார். எனக்கு அவரில கோவம் வரேல்லை, வெக்கமாத் தான் இருந்தது.

அடுத்த கடையில பாமசிஸ்ட் இல்லை, மத்தியானம் வருவார், அது மட்டும் பனடோல் தான் எண்டிச்சினம். மூண்டாவது கடையில தான் சுத்துமாத்து. லாச்சிக்குள்ள இருந்து கத்திரிக்கோலால வெட்டின ஒரு துண்டு அட்டை, நாலு கப்சியூல், பின்பக்கம் பேரும் இல்லை திகதியும் இல்லை, வெட்டினதில அந்தப் பக்கம் போயிற்றுது. துண்டு வேண்டாம் அக்கா, ஆனா விலை கொஞ்சம் கூட எண்டான். மாமா பேர்சை எடுத்திட்டார். நான் கையைப் பிடிச்சு வெளியில இழுத்துக்கொண்டு வந்திட்டன், அதுக்குள்ள என்ன கிடக்கெண்டு ஆர் கண்டது? தெருவில வச்சே என்னோட சண்டை.

இரவாக மாமாவுக்கு வேர்த்துக் கொட்டத் தொடங்கிற்றுது, நித்திரை இல்லை, ஓங்காளம், சும்மா எரிஞ்சு எரிஞ்சு விழுறார். பயந்து போனன். மச்சாளுக்கு, அது தான் அந்தப் பாமசிஸ்ட் மகளுக்கு, சொல்லாதை எண்டவர், பெட்டிக்குள்ள வைக்காதேங்கோ எண்டு அவள் படிச்சுப் படிச்சுச் சொன்னதாம். நான் களவா வாட்சப்பில அடிச்சன், அங்க நாலரை மணித்தியாலம் பிந்தித் தானே, அவள் முழிப்பு.

அவள் சொன்னதில தான் மாமான்ர வாய் அடைச்சது. லண்டனில பாமசிஸ்ட் அவசரத்துக்குக் குடுக்கலாம் எண்டது உண்மையாம், பாமசிஸ்ட் நோயாளியோட கதைச்சு, முந்தி டொக்டர் எழுதினதோ எண்டு உறுதிப்படுத்தி, சாதாரண மருந்தெண்டா கூடினது 30 நாளைக்கு. ஆனா பிரிகபலின் 2019 ஏப்ரலில இருந்து அங்க கட்டுப்பாட்டு மருந்து, மூண்டாம் அட்டவணை. அந்த அட்டவணையில வலிப்புக்காரருக்குக் குடுக்கிற பீனோபாபிற்றல் எண்ட மருந்தைத் தவிர வேற ஒண்டும் அவசரத்துக்கெண்டு துண்டில்லாமல் குடுக்கேலாது, அந்த மருந்தும் ஐஞ்சு நாளைக்கு மேல இல்லை. துண்டே எழுதின நாளில இருந்து 28 நாள் தான் செல்லுபடியாம். "அப்பா என்ர கடைக்கு வந்தாலும் நான் குடுக்க மாட்டன்" எண்டாள், ஸ்பீக்கரில. மாமா தேத்தண்ணிக் கோப்பையைப் பாத்துக்கொண்டு இருந்தார்.

இந்த மருந்தைச் சடாரெண்டு நிப்பாட்டக் கூடாது, குறைஞ்சது ஒரு கிழமையாவது எடுத்துப் படிப்படியாக் குறைக்கோணும், இல்லாட்டி வலிப்பே வரலாம், உடன ஒரு டொக்டரிட்டக் காட்டு எண்டாள். மாமான்ர மருந்துப் பட்டியலையும் அவற்ர போனில இருந்து பிடிஎவ்வா எடுக்கச் சொல்லித் தந்தாள். அது பிறகு பொன்னாப் பயன்பட்டுது.

ஞாயிறு எண்டபடியா சனல் பண்ண, அதாவது காசு கட்டித் தனியாரில காட்ட, ஒரு டொக்டரும் இல்லை. பெரியாஸ்பத்திரிக்குப் போவம் எண்டா மாமா வார்ட்டில மறிச்சுப் போடுவாங்கள் எண்டு மாட்டன் எண்டிட்டார். பின்னேரம் ஆறு மணிக்குத் திறக்கிற ஒரு டிஸ்பென்சரியில ரெண்டு மணித்தியாலம் காத்திருந்து காட்டினம். நல்ல டொக்டர், பிடிஎவ்வை வாசிச்சு, காலைத் தொட்டுப் பாத்து, ரெண்டு கிழமைக்கு எழுதித் தந்தார். நான் சந்தோசத்தில துண்டை மடிச்சு வச்சிட்டன். அது தான் நான் விட்ட பெரிய பிழை. ஸ்கூட்டியில மாமாவை ஏத்திக்கொண்டு பழையபடி அந்த முதல் பாமசிக்குப் போனா, துண்டில சீலும் இல்லை, வயசும் இல்லை. திரும்பி ஓடினம், டிஸ்பென்சரி பூட்டு. எனக்கு வந்த விசருக்கு அந்தப் பூட்டையே கடிச்சிருப்பன்.

திங்கள் விடிய அதே டொக்டர் சீல் குத்தித் தந்தார், மருத்துவ சபைப் பதிவிலக்கம் அந்தச் சீலில தான் இருக்கும், ஆகவே டொக்டரிட்ட இருந்து எழும்ப முதலே பாருங்கோ, பேர், வயசு, திகதி, எத்தினை மில்லிகிராம், எத்தினை நாளைக்கு, கையெழுத்து, சீல். பாமசிக்குப் போனா 150 இல்லையாம், 75 தான் இருக்காம்! ரெண்டு ரெண்டாப் போட்டா சரி தானே எண்டு நான் கேக்க, துண்டில இருக்கிறதை தன்ர பாட்டுக்கு மாத்தேலாது எண்டிட்டு அவரே டொக்டருக்கு போன் எடுத்தார். பிறகும் நான் ஒருக்கா ஓடி டொக்டரிட்ட திருத்தி எழுதுவிச்சுக்கொண்டு வந்தன். 56 கப்சியூல் எண்ணித் தந்து, துண்டின்ர பின்பக்கம் திகதியும் எண்ணிக்கையும் எழுதித் தன்ர சீலையும் குத்தினார், அதே துண்டை இன்னொரு கடையில நீட்டக் கூடாதெண்டு. மாமா முதல் முறையா "தாங்ஸ் தம்பி" எண்டார்.

அண்டிரவு எழும்பாமல் படுத்தார், குறட்டை எங்கட அறைக்குக் கேட்டுது.

பெட்டி வியாழன் வந்தது. திறந்தா, குளிசைப் பெட்டியளுக்கு மேலயே ஒரு வெள்ளைக் கடிதம், அவற்ர டொக்டர் எழுதினது, என்ன மருந்து, என்ன வருத்தத்துக்கு எண்டு எல்லாம் வடிவா. கையில வச்சிருக்கச் சொல்லி மச்சாள் அலைஞ்சு எடுத்துக் குடுத்ததாம். மாமா அதை மடிச்சுச் சாரத்து மடிக்குள்ள செருகிக்கொண்டு, "உதை அவளுக்குச் சொல்லிப்போடாதை பிள்ளை" எண்டார்.