கட்டுப்படியாகும் உத்தி: நெட் தேர்வில் நான் சறுக்கிய இடம்

சுற்றுச்சூழல் அறிவியலில் நெட் தேர்வுக்கு முதல்முறை படித்தபோது, உடன்படிக்கைகளை ஆண்டுவாரியாக உருப்போட்டேன். எளிதில் சிதையாத நச்சு வேதிப்பொருள்களுக்கான ஸ்டாக்ஹோம் 2001, பாதரசத்துக்கான மினமாட்டா 2013. இந்தியா ஏற்றது முறையே 2006, 2018. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் மாசைக் குறைக்க இவை சொல்லும் ‘கிடைக்கக்கூடிய சிறந்த உத்திகள்’ என்று வந்தால் மாதிரித் தேர்வில் தவறாமல் சறுக்குவேன். உத்தி என்றால் ஏதோ விலை உயர்ந்த கருவி என்று நினைத்திருந்தேன். ஆலையை வடிவமைக்கும், நடத்தும், பராமரிக்கும், கடைசியில் மூடும் விதமும் அதில் அடக்கம். ‘கிடைக்கக்கூடிய’ என்பதற்குச் செலவையும் பலனையும் பார்த்தால் அந்தத் தொழிலுக்குக் கட்டுப்படியாக வேண்டும் என்று பொருள்.

இரண்டாம் முறை ஊரை வைத்துப் படித்தேன். வீடு வடசென்னையில், தண்டையார்பேட்டையில்; உதாரணங்களுக்குப் பஞ்சமில்லை. ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் ‘சி’ இணைப்பு, இந்த நச்சுகள் தாமாக உருவாகும் இடங்களைப் பட்டியலிடுகிறது. அதன் இரண்டாம் பகுதியில் குப்பை எரிஉலை இருக்கிறது. மூன்றாம் பகுதியில் திறந்தவெளியில் குப்பை எரிப்பது, நிலக்கரிக் கொதிகலன், செம்புக் கம்பியைப் புகையவிட்டு எரிப்பது. இரண்டாம் பகுதியின் புதிய ஆலைகளுக்கு இந்த உத்திகளை நாடு கட்டாயமாக்க வேண்டும். மூன்றாம் பகுதிக்கு ஊக்குவித்தால் போதும். இந்த வேறுபாட்டில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள்.

செம்புக் கம்பி என்றதும் எனக்குத் தெருமுனை நினைவுக்கு வந்துவிட்டது. பழைய இரும்புக் கடையில் போடுவதற்காக ஒயரைக் கொளுத்துவார்கள். பச்சையாக எரியும் நெருப்பைச் சிறுவர்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்ப்போம். பிவிசி உறை குளோரினைத் தர, செம்பு வினையூக்கியாக நிற்க, டையாக்சின் என்ற கொடிய நச்சு உருவாகத் தேவையான எல்லாம் அங்கேயே இருந்தன.

எங்கள் பக்கத்துக் கொடுங்கையூரின் குப்பை எரிஉலைத் திட்டத்துக்கு எதிராக 2025இல் மனிதச் சங்கிலி நடந்த நாள்களில் பக்கத்து வீட்டு அக்கா கேட்டார்: “அதிகச் சூட்டில் எரித்தால் விஷமே போய்விடும் என்கிறார்களே, உண்மையா?” 850 டிகிரியில் இரண்டு விநாடி நின்றால் டையாக்சின் சிதையும் என்பது சரி. ஆனால் புகை குளிர்ந்துகொண்டே போகும்போது, 450க்கும் 200க்கும் இடையில் அது மறுபடி உருவாகும். அந்த இடைவெளியைச் சட்டென்று கடத்துவதுதான் உத்தி. பிறகு கரித்தூளும் துணிப்பை வடிகட்டியும் மிச்சத்தைப் பிடிக்கும். அக்காவுக்குப் புரியவைத்த பிறகுதான் எனக்கே பிடிபட்டது. நீங்களும் வீட்டில் யாருக்காவது சொல்லிப் பாருங்கள்.

மினமாட்டாவை அத்திப்பட்டு அனல்மின் நிலையப் புகைபோக்கிகளை வைத்துப் படித்தேன். கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் போனால் அவை தெரியும். உடன்படிக்கை நாட்டில் நடைமுறைக்கு வந்த ஐந்து ஆண்டுக்குள் புதிய நிலக்கரி மின்நிலையங்களுக்கு இந்த உத்திகள் கட்டாயம். பழையவற்றுக்குப் பத்து ஆண்டு. அதுவும் ஐந்து வழிகளில் ஒன்றையாவது தேர்ந்தால் போதும், இந்த உத்திகள் அவற்றில் ஒன்று மட்டுமே. கந்தகத்தைப் பிடிக்கும் ஈரக் கழுவி, ஆக்சிஜனேற்றமடைந்த பாதரசத்தையும் சேர்த்துப் பிடிக்கும், அது நீரில் கரைவதால். தனிமப் பாதரசம் கரையாது, நழுவிவிடும். இந்த இரண்டு வடிவங்களையும் மாற்றிக் குறித்துத்தான் முதல்முறை நான் மதிப்பெண்ணை விட்டேன்.